ஜெர்மன் அண்ணை வீட்டுக் கணகணப்பு

அந்த வீட்டுக்குள் கால் வைத்ததுமே என் வயிறு எரியத் தொடங்கிவிட்டது. வெளியே ஐப்பசி மாதத்து ஈரக் குளிர். கடைக்குப் போய்விட்டுப் பஸ்ஸால் இறங்கி அப்படியே நடந்து வந்ததில் மூக்கு நுனி மரத்துப் போயிருந்தது. கதவைத் திறந்த மனிதரோ கையில்லாத பெனியனும் சாரமுமாக, காலில் சொக்ஸ்கூட இல்லாமல் நின்றார்.

“வாங்கோ அண்ணை, வாங்கோ. முதல்ல கோட்டைக் கழட்டுங்கோ, இல்லாட்டி அவிஞ்சு போவியள்.”

நான் லண்டனுக்கு வந்து அரை ஆயுள் முடிந்துவிட்டது. ஒரு தமிழன் தன் வீட்டுக்குள் குளிர்காலத்தில் பெனியனோடு நிற்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் வீடுகளில் வெளியே போகும்போது கழற்றிவைத்துவிட்டுப் போகிற ஸ்வெட்டரை, உள்ளே வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

அவரை எங்கள் தெருவில் எல்லோரும் ஜெர்மன் அண்ணை என்பார்கள். ஜெர்மனியில் பலகாலம் இருந்து, பிள்ளைகள் இங்கே படிக்க வந்ததால் தானும் வந்தவர். மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, அதே வரிசையில், எங்கள் வீட்டைப் போலவே ஒட்டிக்கட்டிய பழைய வீடொன்றை வாங்கினார். வாங்கிய கோடையிலேயே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். குளிர் இறங்காமல் கூரைக்குள் கம்பளி அடைத்தார். தரைப் பலகை இடுக்குகளை அடைத்தார். யன்னல் மாற்றினார். வீட்டைச் சூடாக்குகிற பழைய பொயிலரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று பூட்டினார்.

“சுவரைத் தொட்டுப் பாருங்கோ அண்ணை. குளிருதோ?”

தொட்டேன். குளிரவில்லை.

“நல்லா இருக்கு” என்றேன். கசப்பு மருந்து விழுங்கினமாதிரி இருந்தது அந்தச் சொல்.

ஒருவருடைய வீடு சூடாக இருப்பதில் மற்றவனுக்கு என்ன இவ்வளவு எரிச்சல் என்று கேட்கலாம். எனக்கு இருந்த பயம் வேறு. அதைச் சொல்ல எங்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு சரி. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தே ஓய்ந்தவன். ஆனால் முருகனை விடாமல் பிடித்துக்கொண்டவன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பதிகம் பாடுவோம். ஜெர்மன் அண்ணையும் இந்தத் தெருவுக்கு வந்ததில் இருந்து அதில் ஒருவர். எங்களுக்குள் மூத்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். அவர் குரல் எடுத்தால் நாங்கள் பின்னால் போவோம். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிய ஒரு பித்தளை வேல் இருக்கிறது. அது ஒருவருக்கும் சொந்தம் இல்லை. கூட்டம் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டில் இருக்கும். தொடக்கத்தில் இருந்து கூட்டம் எங்கள் வீட்டில்தான். ஆகவே வேலும் எங்கள் வீட்டில்தான். படிக்குக் கீழே இருந்த அலுமாரியைச் சாமி அறையாக்கி, அதில் வைத்துக் காலையும் மாலையும் நான்தான் விளக்கேற்றி வந்தேன். ஒரு ஷிப்டுக்கும் என்னைத் தலைவன் என்று ஒருவரும் வைத்ததில்லை. அந்த அலுமாரிக்கு முன்னால் மட்டும் எனக்கு ஒரு இடம் இருந்தது.

எங்கள் பொயிலரோ முன்னறையில் குளிர்காய்கிற காஸ் அடுப்புக்குப் பின்னால், புகைபோக்கிக்குள் ஒளிந்திருந்த பழைய இரும்பு. வருடாவருடம் பார்க்க வருகிறவர் தலையை ஆட்டி, “இதுக்கு மாத்துச் சாமான் இனி வராது” என்றுவிட்டுப் போவார். அது உறுமும், இருமும், சுவரோரம் நிற்கிற ஒரு றேடியேற்றரைச் சுடவைக்கும், மற்றதை மறந்துவிடும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கோட்டோடு இருந்து பாடினார்கள். கைகூப்பும்போது சிலர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நான் பார்க்காதமாதிரி இருந்தேன்.

ஜெர்மன் அண்ணை வீட்டுக்குப் போய்வந்த அடுத்த வெள்ளி, தேத்தண்ணி குடிக்கும்போது ரீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, குறை நினையாதையும். எனக்கு இந்தக் குளிரில நிலத்தில இருக்க ஏலாமல் கிடக்கு. அவர் தன்ர வீட்டில வைக்கலாம் எண்டு சொல்லுறார். குளிர்காலத்துக்கு மட்டும்.”

நான் ஜெர்மன் அண்ணையைப் பார்த்தேன். அவர் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரீச்சர், நான் புதுப் பொயிலர் போடப்போறன்” என்றேன். அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாத செய்தி அது. கதவோரம் நின்ற என் மனைவி கையில் இருந்த தட்டத்தைச் சரித்துவிட்டாள்.

“அப்பிடியெண்டால் நல்லது. தைப்பூசம் வரைக்கும் பாப்பம்” என்றார் ரீச்சர். “அண்டைக்கு வேல் எங்க இருக்கிறதெண்டு பேசி முடிப்பம்.”

போகும்போது ஜெர்மன் அண்ணை வாசலில் என் தோளைப் பிடித்தார். “அண்ணை, பொயிலர் போட முதல் ஒருக்கா என்னோட கதையுங்கோ. எந்தச் சைஸ், எங்க பூட்டுறது எண்டு நான் பாத்துச் சொல்லுறன்.”

“ஓம், ஓம்” என்றேன். அவரிடம் கேட்பதைவிடக் கோட்டோடு சாகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் வேலை செய்கிற ஒரு பெடியனிடம் விசாரித்து, வால்தம்ஸ்டோவில் இருந்து பொயிலர் பூட்டுகிற ஒரு தம்பியைப் பிடித்தேன். மார்கழி பிறந்தால் வீட்டில் புதிதாக ஒன்றும் தொடங்கக்கூடாது. ஆகவே கார்த்திகைக்குள், நல்ல நாள் பார்த்து வரச் சொன்னேன். தம்பி நல்ல வேலைகாரன். புகைபோக்கிக்குள் இருந்த இரும்பைக் கழற்றி வெளியே எடுத்தபோது சின்ன யானைக்குட்டி மாதிரி இருந்தது. றேடியேற்றர்களுக்குள் இருந்த தண்ணீரைக் கழுவி விட்டான். மை மாதிரிக் கறுப்பாக வந்தது. மேல் அறையில் சுடுதண்ணீர்த் தாங்கி நின்ற இடத்தில் வெள்ளைப் பெட்டியாகப் புதுப் பொயிலரைப் பூட்டினான். கூரைக்குள்ளும் கம்பளி விரித்தோம். ஜெர்மன் அண்ணை விரித்ததைவிடத் தடிப்பானது வேண்டும் என்று நான் கேட்டு வாங்கினேன்.

வேலை முடிந்ததும் பொயிலருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தம்பி சிரித்தான்.

“வெள்ளைப் பெட்டிக்குப் பொட்டு வடிவாத்தான் கிடக்கு அங்கிள். இலக்கம் தெரியிற கண்ணாடிக்கு மேல மட்டும் பூசிப்போடாதேங்கோ. பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது.”

பிறகு கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டியைத் தந்தான். முகத்தில் இலக்கம் தெரிகிறது. வயர் இல்லை.

“இதுதான் தெர்மோஸ்ரற். இது இருக்கிற இடத்தின்ர சூட்டைப் பாத்து மேல இருக்கிற பொயிலருக்குச் சொல்லும். இருபதில வைச்சிருக்கிறன். நீங்கள் கூடப் புழங்கிற இடமாப் பாத்து வையுங்கோ.”

அவன் அடுத்த வேலைக்கு ஓட வேண்டும். போய்விட்டான். நான் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நேரே சாமி அறைக்குப் போனேன். புதிதாக எது வாங்கினாலும், கார்ச் சாவியானாலும் பிள்ளையின் பரீட்சைப் பேனையானாலும், முதலில் சாமியின் காலடிக்குத்தானே போகும். வேலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பொட்டு வைத்து, ஒரு பூவும் வைத்தேன். நான் கூடப் புழங்குகிற இடமும் அதுதான். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று இரவு வீடு முழுக்க இளஞ்சூடு. மனைவி படியில் வெறுங்காலோடு ஏறி இறங்கினாள். “இஞ்சேருங்கோ, குளிக்கிற அறையில கண்ணாடிக்கு வேர்க்குது” என்று சின்னப் பிள்ளைமாதிரிச் சொன்னாள். எனக்கு உடனே ஜெர்மன் அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லவேணும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் பெனியனோடு நிற்கவில்லை, அவ்வளவுதான். மெல்லிய வேட்டியும் சால்வையுமாக வாசலில் நின்று எல்லோரையும் கோட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள். குத்துவிளக்கில் எல்லாத் திரியும் போட்டு ஏற்றினேன். அலுமாரிக்குள் வேலுக்கு இரண்டு பக்கமும் நெய் விளக்கு. ரீச்சர் பாடத் தொடங்கினார்.

இரண்டாவது பதிகம் முடியவில்லை. றேடியேற்றர் ‘டிக் டிக்’ என்றது. நான் கைகூப்பியபடியே அதன்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது பதிகத்தில் ஒருவர் எழுந்து கோட்டை எடுத்தார். பிறகு மற்றவர். ரீச்சர் பாட்டை நிறுத்தாமலே சால்வையை இழுத்து முழங்காலை மூடினார். ஜெர்மன் அண்ணை மட்டும் கோட்டை எடுக்கவில்லை. சட்டையோடு இருந்து, குளிரே இல்லாதவர்மாதிரிப் பாடினார். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது. எங்களுக்காகப் பொறுத்துக்கொள்கிறாராம்.

அடுத்த நாளே தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மத்தியானம் வந்தான். நேரே மேலே போய்ப் பொயிலரைத் திறந்து பார்த்தான். “நல்லாத்தானே எரியுது அங்கிள், ஒரு பிழையும் இல்லை” என்றான். அவன் சொன்னதும் சரிதான். மத்தியானத்தில் வீடு சூடாகத்தான் இருந்தது. விளக்கு வைத்தபிறகுதான் குளிரத் தொடங்கும்.

எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. நாவூறு.

“அவர்தான்” என்றேன் மனைவியிடம். “பொயிலர் பூட்டின அண்டைக்கு வாசல்ல நிண்டு ‘நல்ல சாமான் அண்ணை, நல்ல சாமான்’ எண்டு எத்தினை தரம் சொன்னவர்?”

“நல்ல சாமானை நல்ல சாமான் எண்டு சொல்லாமல் வேற என்னெண்டு சொல்லுறது?”

“நீ சும்மா இரு.”

செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பொயிலரை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டேன். புகையில் ஸ்மோக் அலாரம் அலறியது. மனைவி தும்மித் தும்மி யன்னலைத் திறந்தாள். இருந்த கொஞ்சச் சூடும் அதோடு போனது.

மார்கழி வந்தது. விடிய முன்னம் எழும்பிப் பூசை செய்கிற மாதம். வீடு குளிரக் குளிர நான் இன்னும் ஒரு விளக்குக் கூட ஏற்றினேன். அந்தச் சின்ன அறைக்குள் குனிந்து நிற்கும்போது மட்டும் எனக்கு வேர்க்கும். அது முருகனின் அருள் என்றே நினைத்தேன். வெளியே வந்தால் பல் கிட்டும். அலுமாரிக்குள்ளே நின்று நான் கேட்டது என்ன? உலகம் நல்லாயிருக்க வேண்டும் என்றா? ‘முருகா, அவருடைய பொயிலர் ஒருநாள், ஒரேயொரு நாள், நிற்கட்டும். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து நிற்கட்டும்.’ இதைத்தான் கேட்டேன். இப்போதும் மறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை, வேலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டியைக் காணவில்லை.

“சாமித்தட்டுத் துடைக்கேக்க எடுத்தனான். எண்ணெய் பட்டுக் கிடந்தது. ஹோல்ல வைச்சிருக்கிறன்” என்றாள் மனைவி, முட்டை பொரித்துக்கொண்டே. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்றில் இருந்து வீடு சூடானது. மத்தியானம் மட்டும் இல்லை, காலை, மாலை, விளக்கு வைக்கிற நேரம், எல்லா நேரமும். வெள்ளிக்கிழமை கோட்டைக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. ஒருவர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். எனக்கு அதைப் பார்க்க மனம் குளிர்ந்தது. ரீச்சர் முழங்காலை நீட்டி இருந்து, வழக்கத்தைவிட இரண்டு பதிகம் கூடப் பாடினார். பாடி முடிய, “இனி ஏன் வேற இடம்?” என்றார். நான் ஜெர்மன் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபிறகு எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

“பாத்தியே? ஜெர்மன் மூளை, ஜெர்மன் மிஷின், ஒண்டும் முருகனுக்கு முன்னால நிக்காது. நான் மார்கழி முழுக்கக் கேட்டது வீண்போகேல்லை. மனுசன்ர முகத்தைப் பாத்தியோ? கறுத்துப்போச்சு.”

மனைவி தட்டங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ, காணும். அந்த மனுசன்தான் உங்கட வீட்டைச் சூடாக்கினது.”

“எந்த மனுசன்?”

“போன கிழமை பூக் கொண்டுவந்தவரெல்லே, நீங்கள் கடைக்குப் போயிருக்கேக்க? சாமி அறைக்க குனிஞ்சு கும்பிட்டிட்டு வந்து சொன்னவர், ‘அக்கா, அந்தத் தெர்மோஸ்ரற் விளக்குக்குப் பக்கத்தில கிடந்து இருபத்தொன்பது காட்டுது. வீடு முழுக்க அவ்வளவு சூடெண்டு நினைச்சுப் பொயிலர் நிண்டிடுது. எடுத்து ஹோல்ல வையுங்கோ. அண்ணைக்குச் சொல்லாதேங்கோ, சங்கடப்படுவார்’ எண்டு.” அவள் கையைத் துடைத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. “முருகனுக்கு வேர்த்தது, எங்களுக்கு விறைச்சது. நீங்கள் விளக்குக் கூட்டக் கூட்ட ஏன் குளிருதெண்டு இப்ப விளங்குதே?”

நான் கதிரையில் இருந்தேன். நான் ஏற்றிய ஒவ்வொரு விளக்கும் என் வீட்டைக் குளிரப்பண்ணியது என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. முருகனுக்கு அது விளையாட்டாக இருந்திருக்கும். எனக்குத் தாங்காமல் இருந்தது வேறு. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே வேல் தன்பாட்டில் அவருடைய வீட்டுக்குப் போயிருக்கும். இவ்வளவு நாளும் அவருடைய சுவரைப் பார்த்தும் யன்னலைப் பார்த்தும்தான் பொறாமைப்பட்டேன். அவற்றையாவது கடன்பட்டு வாங்கிப் பூட்டலாம். இதை எங்கே போய் வாங்கிப் பூட்டுவது?

அடுத்த நாள் அவருடைய வாசலில் போய் நின்றேன். அதே பெனியன், அதே சாரம்.

“ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?”

அவருக்கு உடனே விளங்கியது. “அக்கா சொல்லிப்போட்டாவோ? சொல்ல வேண்டாம் எண்டனான்.”

“ஏன் எண்டு கேக்கிறன்.”

“சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பியள்? திரும்பக் கொண்டுபோய் முருகன்ர மடியிலயே வைச்சிருப்பியள், நான் சொன்னனான் எண்டதுக்காண்டியே.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “எனக்கும் வேல் இஞ்ச வரவேணும் எண்டு ஆசைதான் அண்ணை. இல்லையெண்டு சொன்னால் பொய். ஆனால் ஆக்கள் உங்கட வீட்டில விறைச்சதால என்னட்ட வந்தினம் எண்டால், அது வேலோட சேத்து ஒரு குறையும் வந்தமாதிரி.”

நான் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பினேன்.

தைப்பூசத்தன்று பகல் கோயிலுக்குப் போய்வந்து, மாலையில் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். வீடு கணகணவென்று இருந்தது. பூசை முடிந்து, ரீச்சர் கேட்பதற்கு வாயைத் திறந்தார். அவர் கேட்டால் எல்லோரும் இங்கேயே என்பார்கள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“ரீச்சர், வேல் இந்த வருசம் அண்ணை வீட்டில இருக்கட்டும்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சர், “ஏன் தம்பி? இப்ப உம்மட வீடுதானே நல்ல சூடு?” என்றார்.

“சூடாக்கினது அவர்தான்” என்று தெர்மோஸ்ரற் கதையைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீர் பெரிய மனசுக்காரர்” என்றார்.

பெரிய மனசு ஒன்றும் இல்லை. அவர் எனக்கு ஒன்று கொடுத்துவிட்டார். அதைவிடப் பெரிதாக நான் ஒன்று கொடுக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. அந்தப் பதற்றத்தில்தான் கொடுத்தேன். வேலை எடுத்துப் பட்டுத்துண்டில் சுற்றினேன். அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். அன்று அவள் பகிடி விடவில்லை.

எல்லோருமாகத் தெருவால் நடந்தோம். நான் முன்னால், வேலை நெஞ்சோடு அணைத்தபடி. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிதர் குப்பைத் தொட்டியோடு நின்று எங்களுக்கு வழிவிட்டார். ஜெர்மன் அண்ணை எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்தச் சூடு முகத்தில் அடித்தது. எனக்கு வயிறும் எரிந்தது. பழகிவிட்ட எரிவு.

“இஞ்சாலை அண்ணை” என்று அவர் பின்னறைக் கதவைத் திறந்தார்.

நான் அந்த அறையை அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் தேக்குப் பலகையில் செதுக்கிய ஒரு சின்ன மாடம். மேலே மணி. இரண்டு பக்கமும் விளக்குத் தட்டு. நடுவில் ஒன்றும் இல்லை. தூசி படியாமல் துடைத்துத் துடைத்து அந்த வெறும் இடம் மட்டும் மற்ற மரத்தைவிடப் பளபளத்தது.

“இது எப்ப செய்தது?” என்று கேட்டேன்.

“வீடு திருத்தேக்கயே” என்றார், என் முகத்தைப் பாராமல். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

பட்டுத்துண்டை அவிழ்த்து, பித்தளை வேலை அந்த மாடத்தின் நடுவில் இருந்த குழிக்குள் இறக்கினேன். அங்குமிங்கும் ஆடாமல், அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. எப்போது அளவெடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.